பாட்டன் பத்திரமும் பட்டாணிக் கணக்கும்

1948 ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகத்துக்கு இரண்டு புதிய விஞ்ஞானங்கள் கிடைத்தன. இரண்டுமே சோதனைக்கூடத்தில் பிறந்தவை அல்ல. கூட்டம் கூடிக் கைதூக்கிப் பெற்றெடுத்தவை.

ஒன்று மொஸ்கோவில் பிறந்தது. அங்கே விவசாய அக்கடமியின் கூட்டம் ஜூலை 31இல் தொடங்கி ஒரு வாரம் நடந்தது. மேடையில் சோவியத் விவசாய விஞ்ஞானி லைசென்கோ. மரபணு என்பது முதலாளித்துவப் புருடா, மெண்டலின் பட்டாணிக் கணக்கெல்லாம் பாதிரியார் விளையாட்டு, வளர்க்கிற விதத்தில் வளர்த்தால் கோதுமையே ரை தானியமாக மாறும் என்று அடித்துப் பேசினார். எதிர்த்துப் பேச வந்தவர்களையும் பேசவிட்டார்கள். ஆகஸ்ட் 7ஆம் தேதி, கடைசி நாளில், தோழர் மெதுவாக ஒரு செய்தியை அவிழ்த்தார்: என் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு ஏற்கெனவே படித்து அங்கீகரித்துவிட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் சிலருக்கு அந்த நிமிடமே ஞானம் வந்தது. தங்கள் கொள்கை தவறென்று எழுந்து நின்று சொன்னார்கள்.

மற்றது கொழும்பில் பிறந்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க பிரஜாவுரிமை மசோதாவைப் பாராளுமன்றத்தில் வைத்தார். அதன் சாரம்: நீ யார், என்ன வேலை செய்கிறாய், எத்தனை வருஷமாக இந்த மண்ணில் கிடக்கிறாய் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், உன் அப்பன் எங்கே பிறந்தான்? அதற்குச் சரியான பதில் இல்லையா, அப்படியானால் உன் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள்?

மொஸ்கோவில் வம்சத்துக்குக் காலணா மதிப்பில்லை. கொழும்பிலோ வம்சத்தைத் தவிர வேறெதற்கும் மதிப்பில்லை. இந்த இரண்டு கூத்தும் நடந்த வாரத்தில் இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் வழக்கம்போல ஆடிக் காற்று. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மொஸ்கோவையும் அவர்களுக்குத் தெரியாது, கொழும்பையும் தெரியாது. கொழும்புக்கு மட்டும் அவர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டுமே கோணல் என்று ஒரே மூச்சில் சொல்லும் தகுதி படைத்தவர்களை அன்றைக்குப் பூமியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் லண்டனில் இருந்தார். பெயர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பரிணாமத்தைக் கணக்குப் போட்டு நிறுவியவர், கம்யூனிஸ்ட், புதர் மீசை, ஊர்வம்பு. அந்த வாரம் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் செய்யாமலே இருந்த அந்த அழகுக்காக ஒரு கட்டுரை எழுதலாம்.

பொகவந்தலாவைக்காரனுக்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், நேரே சென்ட் மேரிஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் ஜூலியா மார்கரெட் கெமரன். 1868 கோடையில் டார்வின் குடும்பத்தோடு வைட் தீவுக்கு வந்து, இந்த அம்மாவிடம் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கினார். வாடகைக்கு வந்தவரைப் பிடித்து உட்கார வைத்து அம்மா படம் எடுத்துவிட்டார். டார்வின் என்றதும் உங்கள் மனதில் வருகிற அந்தத் தாடி, அந்தப் புருவம், உலகத்துக் கவலையெல்லாம் ஏறிய அந்தப் பார்வை, எல்லாம் அவர் கைவண்ணம். 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்களை நம்பி இலங்கைக்குக் கப்பலேறினார். சாமான்களைச் சவப்பெட்டிகளில் அடைத்து, கூடவே ஒரு பசுவையும் ஓட்டிக்கொண்டு வந்தார் என்பார்கள். கோப்பியோ 1869லேயே இலைத்துரு நோயில் விழுந்துவிட்டிருந்தது. டார்வினைப் படம் பிடித்தவரின் பிழைப்பை ஒரு பூஞ்சணம் இயற்கைத் தேர்வுக்கு உட்படுத்தியது. 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். இங்கேயும் அவர் படம் எடுத்தார், தோட்டத்து ஆட்களையும் எடுத்தார். டார்வினின் படத்துக்கு டார்வின் என்று பெயர் இருக்கிறது. நம் ஆட்களின் படத்துக்குத் தமிழர் என்று பெயர் இருக்கிறது.

ஆக, பரிணாமத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. பத்திரம்கூட இருக்கிறது, கல்லில் வெட்டியது. மற்ற பத்திரங்கள்தான் இல்லை.

ஹால்டேன் துரையின் ஜாதகத்துக்கு வருவோம். பிறப்பு 1892 நவம்பர் 5, ஒக்ஸ்போர்ட். குடும்பம் ஸ்கொட்லாந்தில் பல நூற்றாண்டு பழைய நிலக்கிழார் வகையறா. எங்கள் தோட்டங்களுக்குத் துரைமாரை ஏற்றுமதி செய்த அதே ஸ்கொட்லாந்துதான். சிற்றப்பனோ பெரியப்பனோ என்று பார்க்காமல் ஆளுக்கொரு பதவி. ஒருவர் பிரித்தானியாவின் போர் அமைச்சராகவும் பிறகு நீதித்துறையின் உச்சியிலும் இருந்தவர். கொழும்பு மசோதா கேட்ட பாட்டன், பூட்டன், அவன் பூட்டன் வரைக்கும் எழுத்தில் வைத்திருந்த மனுஷன். வம்சப் பெருமை வெறும் பம்மாத்து என்று வாழ்நாள் முழுக்க எழுதியதும் அவர்தான். பத்திரம் பெட்டி நிறைய இருப்பவனுக்குத்தான் பத்திரத்தைப் பழிக்கிற தெம்பு வரும்.

அப்பா சுரங்கத்து விஷ வாயுக்களை ஆராய்ந்தவர். எலியும் குருவியும் பத்தாமல் மகனையும் சுரங்கத்துக்குள் இறக்கினார். நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்து வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னாராம். பாதி வசனத்தில் பையன் மடிந்து விழுந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு வந்தது. மீத்தேன் காற்றை விட லேசானது, மேலேதான் மிதக்கும் என்பது பாடம். அந்தப் பாடத்தைப் பையன் மறக்கவேயில்லை. பின்னாளில் தானே ஐதரோகுளோரிக் அமிலத்தைக் கரைத்துக் குடித்தார், அழுத்த அறைக்குள் போய் வலிப்பு வந்து முதுகெலும்பை நொறுக்கிக்கொண்டார், செவிப்பறையில் ஓட்டை விழுந்ததும் அதன் வழியாகப் புகையிலைப் புகையை ஊதி விருந்துகளில் வித்தை காட்டினார். ஒரு பேராசிரியர் காது வழியாகப் புகை விடுவதைப் பார்த்த பிறகு அவருடைய கணக்கைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

கணக்கு உண்மையிலேயே கெட்டிதான். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது. பட்டம் வாங்கியது கிரேக்க, லத்தீன் படிப்பில். 1924இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில், இயற்கைத் தேர்வு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை எண்களாகப் போட்டுக் காட்டினார். மன்செஸ்டர் ஆலைப் புகையில் வெள்ளை அந்துப்பூச்சி குறைந்து கறுப்பு பெருகிய கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்குக் கணக்கு எழுதியவர் இவர். டார்வினின் கொள்கையையும் மெண்டலின் பட்டாணியையும் தாலி கட்டி ஒரே வீட்டில் குடிவைத்த மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஃபிஷரும் ஸூவல் ரைட்டும்.

தாலி என்றதும் ஞாபகம் வருகிறது. 1925இல் ஒரு விவாகரத்து வழக்கில், இன்னொருவரின் மனைவியோடு சேர்ந்தவர் என்று ஹால்டேனின் பெயர் அடிபட்டது. ஒழுக்கக் கேடு என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெயரை வெட்டிவிட்டது. மனுஷன் வெட்கப்படவில்லை, மேல்முறையீடு செய்து அடுத்த வருஷமே வேலையைத் திரும்ப வாங்கினார். அந்த அம்மாவையே மணமும் முடித்தார். தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவன் தொழிற்சங்கத்தோடு போய்த் துரையின் பங்களாவுக்கு முன்னால் நிற்பதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது.

அவர் சொன்னதாக மதுக்கடைக் கதை ஒன்று உலவுகிறது. தம்பிக்காக உயிரைக் கொடுப்பீர்களா என்று யாரோ கேட்டார்களாம். ஒரு தம்பிக்காக மாட்டேன், இரண்டு பேர் என்றால் கொடுப்பேன், ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் எட்டுப் பேர் வேண்டும் என்றாராம். உடன்பிறந்தவனிடம் என் மரபணுவில் பாதி, சித்தப்பன் பிள்ளையிடம் எட்டில் ஒன்று. கணக்குச் சரியாய் வர வேண்டுமல்லவா! இந்த எட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்புக்குப் போகும்போது தேவைப்படும்.

1928இல் நிக்கொலாய் வவிலோவ் அழைத்து ஹால்டேன் சோவியத் நாட்டைப் பார்க்கப் போனார். வவிலோவ் உலகம் முழுக்க அலைந்து விதை சேர்த்தவர். எந்தப் பயிர் எந்த மலையில் பிறந்தது என்று வரைபடம் போட்டவர். பயிர்களுக்குப் பாட்டன் பூட்டன் தேடிக் கொடுத்த ஒரே மனிதர் என்றுகூடச் சொல்லலாம், அதுவும் எதையும் நாடு கடத்தாமல். ஹால்டேன் மயங்கிப் போனார். பிறகு ஸ்பெயின் உள்நாட்டுப் போர், ஹிட்லரின் இன விஞ்ஞானம் எல்லாம் வந்தன. 1938இல் மரபியலும் அரசியலும் என்ற பொருளில் ஒரு புத்தகமே போட்டார். ஏழைகள் மட்டமான ரத்தம், அவர்கள் பெருகினால் நாடு கெடும், இன்ன இனம் உசத்தி என்று மேட்டுக்குடி விஞ்ஞானிகள் உளறியதைக் கணக்கு வைத்தே கிழித்தார். 1942இல் பகிரங்கமாகக் கட்சி உறுப்பினர். கட்சிப் பத்திரிகையில் வாரா வாரம் தொழிலாளிகளுக்கு விஞ்ஞானம் எழுதினார். இவ்வளவும் நல்ல கதை.

வவிலோவை 1940இல் கைது செய்தார்கள். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் தேய்ந்து இறந்தார். உலகத்துக்குச் சோறு போட விதை சேர்த்தவன் அப்படிச் சாக வேண்டியிருந்தது. அவர் இடத்தில் நின்று பேசியவர்தான் லைசென்கோ. வவிலோவ் உயிரோடு இல்லை என்பது 1948க்குள் பிரித்தானிய விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் முல்லரும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் சோவியத் அக்கடமி தங்களுக்குக் கொடுத்த கௌரவத்தைத் தூக்கித் திருப்பி எறிந்தார்கள். எல்லாரும் ஹால்டேனின் வாயைப் பார்த்தார்கள்.

நவம்பர் 30ஆம் தேதி பி.பி.சி. வானொலியில் நான்கு விஞ்ஞானிகள் லைசென்கோ பற்றிப் பேசினார்கள். ஃபிஷர் வெளுத்து வாங்கினார். டார்லிங்டனும் ஹார்லண்டும் தங்கள் பங்குக்கு அடித்தார்கள். நாலாவது ஆள் ஹால்டேன். அமிலத்தை மடமடவென்று குடித்த அந்தத் தொண்டை அன்றைக்கு ஒரு மிடறு தண்ணீரில் விக்கிக்கொண்டது. லைசென்கோ சில இடத்தில் மிகைப்படுத்துகிறார்தான், ஆனால் சில விஷயம் சரியாகவும் இருக்கலாம், முழு அறிக்கையையும் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்கிற தினுசில் வழுக்கிவிட்டார். பொய்யென்று அவருக்குத் தெரியும். தெரிந்தவன் மழுப்பினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் எனக்குச் சிரிப்பு எங்கே வருகிறதென்றால் ஃபிஷரிடம்தான். அன்றைக்கு வானொலியில் சரியாகப் பேசிய ஃபிஷர், தகுதியுள்ளவர்கள் அதிகம் பெற வேண்டும் என்ற இன மேம்பாட்டுக் கொள்கைக்காரர். ஹால்டேன் பத்து வருஷமாகக் கிழித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கொள்கையைத்தான். மொஸ்கோ விஷயத்தில் வலதுசாரி சரி, இடதுசாரி பிழை. மனிதர் விஷயத்தில் இடதுசாரி சரி, வலதுசாரி பிழை. இரண்டு பேரையும் ஒன்றாய் அரைத்தால் ஒரு முழு நேர்மையான ஆள் தேறியிருப்பான்.

ஹால்டேன் வானொலியில் வழுக்கியதற்குச் சரியாகப் பதினைந்து நாள் முன்னால், நவம்பர் 15இல், கொழும்பின் விஞ்ஞானம் அமலுக்கு வந்திருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தை ஒரு மரபியல் கட்டுரையாகப் படித்துப் பாருங்கள், அதன் அருமை புரியும். ஒரு மனிதனுக்குத் தாத்தா பாட்டி நான்கு பேர். பூட்டன் பூட்டி எட்டுப் பேர். சட்டம் கேட்பது அப்பனின் அப்பனையும், அவனுடைய அப்பனையும் மட்டுந்தான். எட்டில் ஒன்று செல்லும், ஏழு செல்லாது. ஹால்டேனும் எட்டுப் பேரை வைத்துத்தான் கணக்குப் போட்டார், ஆனால் அவர் எட்டையும் எண்ணினார். ஆண்வழியில் மட்டும் போகிற வை குரோமசோமை ஒரு பாராளுமன்றம் நாட்டின் எல்லைக்கல்லாக நட்டது. மனிதனுக்குள் நாற்பத்தெட்டுக் குரோமசோம் என்று அன்றைக்கு விஞ்ஞானிகளே தப்பாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தாறு என்று சரிவரத் தெரிந்தது 1956இல். ஆகவே மற்றதையெல்லாம் கணக்கில் எடுக்காததற்காகச் சேனாநாயக்கவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைவிட ரசமானது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால் அப்பன் என்று வருகிற இடத்திலெல்லாம் தாய் என்று படித்துக்கொள்ள வேண்டுமாம். அதாவது அப்பன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், ஆத்தாள் இங்கேயே லயத்தில் பிறந்தவள் என்று வையுங்கள். தாலி கட்டாமல் பெற்றிருந்தால் பிள்ளை இலங்கைப் பிரஜை. மஞ்சள் கயிறு ஏறியிருந்தால் பிள்ளை நாடற்றவன். ஒழுக்கக் கேடு என்று கேம்பிரிட்ஜ் ஹால்டேனை வீட்டுக்கு அனுப்பியது. கொழும்பு சட்டமோ ஒழுக்கமாக வாழ்ந்தவனைத்தான் அனுப்பப் பார்த்தது.

பிரஜாவுரிமை விசாரணைக்கு மனிதர்களுக்குப் பதிலாக ஒரு வி.பி. தேயிலைச் செடி ஹட்டன் கந்தோருக்குப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. விதை போடாமல், தாய்ச்செடியிலிருந்து இலையோடு தண்டை வெட்டி நட்டு வளர்ப்பதுதான் வி.பி. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிவிட்டது.

“பேரென்ன?”

“டீ.ஆர்.ஐ. 2025ங்க ஐயா.”

“தகப்பன் பேர்?”

“தகப்பன் இல்லீங்க. வெட்டி நட்டாங்க, வளந்துட்டேன்.”

“தகப்பனே இல்லையா? அப்ப 6ஆம் பிரிவு. தாய் எங்க பொறந்தா?”

“தாய்ச்செடி தலவாக்கலைங்க.”

“பூர்வீகம்?”

“சீனாங்குறாங்க, அஸ்ஸாம்ங்குறாங்க. எனக்குத் தெரியாதுங்க.”

“அது தேவையில்ல. தாய் இங்க பொறந்திருந்தா போதும். நீ இலங்கைப் பிரஜை. அடுத்த ஆள்!”

“ஐயா, அடுத்தது என்னைய தெனம் கொழுந்து எடுக்குற அம்மாதான். அவங்களுக்கும் போட்டுக் கொடுத்துருங்க. அவங்க ஆத்தாளும் இங்கதான் பொறந்தது.”

“அவ ஆத்தா முறையா தாலி கட்டிக்கிட்டவ. அப்ப தகப்பன் வழிதான் பாக்கணும். தகப்பன் எந்தக் கப்பல்ல வந்தான்னு கேட்டுச் சொல்லு.”

1949இல் இன்னொரு சட்டம் வந்தது, இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கே இருந்தேன் என்று நிரூபித்தால் பார்க்கலாம் என்று. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம் பேருக்கு. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனம். 1952இல் ஒன்றுமில்லை. ஐந்தே வருஷத்தில் ஓர் உயிரினம் தன் வாழிடத்திலிருந்து முற்றாக மறைந்ததற்கு இதைவிடத் துல்லியமான சான்று அந்துப்பூச்சியிலும் கிடைக்காது.

ஹால்டேன் 1950 அளவில் சத்தமில்லாமல் கட்சியை விட்டு நழுவினார். லைசென்கோவை அறிவித்துத் திட்டவில்லை, அறிக்கை விடவில்லை. ஸ்டாலினைப் பற்றிக் கடைசிக் காலத்திலும் நல்ல வார்த்தைதான் சொன்னார். வாழ்நாள் முழுக்க யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருந்த மனிதர், சண்டை போட்டே ஆக வேண்டிய இடத்தில் ஒதுங்கிப் போனார். அவருடைய வாழ்க்கையை 2020இல் புத்தகமாக எழுதியவர் சமந்த் சுப்ரமணியன். இலங்கைப் போரைப் பற்றியும் முன்பே ஒரு புத்தகம் எழுதியவர். கட்சிக்குக் கட்டுப்பட்டவன் எந்த இடத்தில் வாயை மூடுவான் என்பதைக் கற்க இந்தத் தீவு நல்ல பள்ளிக்கூடம்.

பிறகு வந்தது நாயின் வால். 1956இல் ஹால்டேனின் இரண்டாவது மனைவி ஹெலன் ஸ்பர்வே, அவரும் மரபியல் விஞ்ஞானிதான், குடித்துவிட்டுப் போகிற வழியில் ஒரு பொலிஸ் நாயின் வாலை மிதித்தார். வழக்கு, அபராதம். கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போனார். பல்கலைக்கழகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஹால்டேனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். 1957 ஜூலையில் இந்தியா. கேட்டவர்களிடம், பிரித்தானியா சூயஸில் குண்டு போட்டதால் அந்த நாட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார். அறுபது வருஷம் காலுறை போட்டது போதும் என்றும் சொன்னார். சூயஸ், காலுறை, நாய்வால் மூன்றில் எது முதற்காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் வாக்கு நாய்க்கு.

கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வேலை. வேட்டி, குர்த்தா, சைவச் சாப்பாடு. ஏழை நாட்டில் விலையுயர்ந்த கருவி எதற்கு, கண்ணும் பொறுமையும் போதும் என்றார். ரோய் என்ற உதவியாளர் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். டேவிஸ் தென்னை மரங்களில் ஓலை இடப்பக்கம் சுற்றுகிறதா வலப்பக்கம் சுற்றுகிறதா என்று பார்த்து, இடப்பக்கம் சுற்றும் மரம் கொஞ்சம் கூடக் காய்க்கிறது என்று கணக்குக் காட்டினார். ஜெயகர் குளவி கூடு கட்டுவதைப் பார்த்தார். கேட்கிற காதுக்கு வேலையில்லாதவர்களின் பொழுதுபோக்கு. ஆனால் எங்கள் ஊரில் காலையிலிருந்து மாலைவரை இரண்டு இலையும் ஒரு குருத்துமாக எண்ணி எடுக்கிறவர்களுக்குத் தெரியும், செடியைப் பார்க்கத் தெரிவது ஒரு தனிப் படிப்பு. பட்டம் இல்லாதவனை விஞ்ஞானியாக நடத்திய அந்த ஒரு காரியத்துக்காகவே ஹால்டேனின் பாதிப் பாவத்தை நான் மன்னிக்கத் தயார்.

மீதிப் பாதியை அவரே மன்னிக்கவிடமாட்டார். 1961 ஜனவரியில் இரண்டு அமெரிக்க மாணவர்களை விருந்துக்கு அழைத்தார். அவர்களுக்கு நேரமில்லை என்று அமெரிக்கத் தகவல் நிலையம் சொல்லிவிட்டது. உடனே உண்ணாவிரதம்! வவிலோவ் பட்டினியில் செத்தபோது ஒரு வேளைச் சோற்றைக்கூடத் தள்ளாத மனிதர், விருந்து ரத்தானதற்காகப் பட்டினி கிடந்தார். அடுத்த மாதமே மகலனோபிஸோடு மோதல். சோவியத் பிரமுகர் கொசிகின் பார்க்க வருகிறார், ஆராய்ச்சிகளைக் கடைவிரித்துக் காட்ட வேண்டும் என்றதில் பொறி பறந்து வேலையை உதறினார். லைசென்கோ விஷயத்தில் வராத கோபம் காட்சிப் பலகை விஷயத்தில் வந்தது. பதின்மூன்று வருஷம் தாமதம்தான், ஆனாலும் சோவியத்துக்காரன் முன்னால் விஞ்ஞானி வரிசையில் நிற்கமாட்டான் என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த வேலையிலும் அதிக நாள் இல்லை. கடைசியில் ஒடிசா முதல்வர் பிஜு பட்நாயக் இடம் கொடுக்க, புவனேஸ்வரில் கூடாரம் போட்டார்.

இதற்கு நடுவில், அந்த 1961இலேயே, ஹால்டேன் இந்தியப் பிரஜை ஆனார். வந்து நாலே வருஷம். பாட்டன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்கொட்லாந்து என்று சொல்லியிருப்பார். அவரை யாரோ உலகக் குடிமகன் என்று புகழ்ந்தபோது, குடிமகனின் கடமை அரசாங்கத்துக்குத் தொல்லை கொடுப்பது, உலகத்துக்கென்று அரசாங்கம் கிடையாது, இந்தியாவுக்கு இருக்கிறது, அதற்குத் தொல்லை கொடுப்பதில் எனக்குப் பெருமை என்கிற கருத்தில் பதில் எழுதினார். நாலு வருஷத்தில் பிரஜையாகித் தொல்லை கொடுக்கத் தொடங்கிவிட்டார். நம்மாட்கள் நூறு வருஷத்துக்கு மேல் தொல்லையே கொடுக்காமல் கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை போலிருக்கிறது.

1964இல் இரண்டு கதையும் ஒன்றாக முடிவுக்கு வருகின்றன. ஹால்டேனுக்கு மலக்குடல் புற்றுநோய். படுத்த படுக்கையில் தன் புற்றைப் பற்றியே வேடிக்கைப் பாட்டு எழுதி லண்டன் பத்திரிகையில் அச்சேற்றினார். அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 1948இல் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்துக் கொழும்பில் முழங்கிய இடதுசாரிச் சமசமாஜிகள் அப்போது எங்கே என்று கேட்கிறீர்களா? சிறிமாவின் மந்திரி சபையில். என். எம். பெரேரா நிதியமைச்சர். ஹால்டேன் பி.பி.சி.யில் காட்டிய அதே தொண்டை வியாதி அவர்களுக்கும் வந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து டிசம்பர் 1இல் ஹால்டேன் புவனேஸ்வரில் இறந்தார், இந்தியப் பிரஜையாக. உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும் என்று. இங்கிலாந்திலிருந்து ஒருவர் தானாக வந்து உடம்பையும் சேர்த்து இந்தியாவுக்குக் கொடுத்தார். பொகவந்தலாவையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேட்காமலே கொடுத்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி ஒரு பட்டியலில். இரண்டு தம்பிக்கு ஒரு உயிர் என்கிற கணக்கெல்லாம் தலைமன்னார்த் துறையில் எடுபடவில்லை.

விகிதத்தைப் பாருங்கள். 5,25,000க்கு 3,00,000 என்றால் 7:4. ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இங்கே பத்திரம் என்று பிறகு சட்டத்திலேயே எழுதினார்கள். மெண்டலின் தோட்டத்துப் பட்டாணி 3:1 காட்டியது. இரண்டு குணங்களைச் சேர்த்துப் பார்த்தபோது 9:3:3:1 வந்தது. 7:4 எந்தக் கலப்பிலிருந்து வந்ததென்று உயிரியல் வாத்தியார் யாராவது சொன்னால் நான் நன்றியுடையவனாவேன். வகுத்தபோது மிச்சம் விழுந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1974இல் சிறிமாவும் இந்திராவும் உட்கார்ந்து அவர்களை ஆளுக்கு 75,000ஆகப் பங்கிட்டார்கள். 1:1. மெண்டலின் சோதனைக் கலப்பில் வருகிற விகிதம்; இருபத்தாறு வருஷம் தலைகீழாக நின்று, பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு எண்ணை எங்கள் அரசாங்கங்கள் ஒருவழியாக எட்டிப் பிடித்துவிட்டன.